குளத்துக்குத் தெரிந்த பெயர்

“நெட்டியோட பேரைக் குளத்துல கேட்டது யாரு?”

ஆட்டு ரோமம் கத்தரிக்க வந்து சாப்பிட உட்கார்ந்தவர்களின் கைகள் தட்டிலேயே நின்றுவிட்டன. கேட்டவரைக் கேட்கக்கூடாது, குளம் சொன்ன பெயர் யார் காதில் விழுந்தது என்று விசாரிக்கக்கூடாது. எங்கள் மேட்டுச் சதுப்பில் பிள்ளைக்கு நடை பழக்கும்போதே இதையும் பழக்கிவிடுவார்கள். நான் கேட்டேன்.

“டேமரிஸ், வாயை மூடு,” என்றாள் அம்மா. “போய் உருளைக்கிழங்கைக் கொண்டா.”

“கேட்டதுக்குப் பதில் சொன்னா கொண்டு வர்றேன்.”

வருஷா வருஷம் ஜூனில், யோவான் திருநாளுக்கு முந்தின மாலை, குளம் ஒரு பெயரைக் கூப்பிடும் என்பார்கள். யார் காதில் விழுகிறதோ அவர், கோயில் வாசலில் தொங்கும் சிலேட்டில் அதை எழுதிவிட்டுப் போய்விடுவார். பெயருக்குரியவர் ஒரு வருஷத்துக்குள் செத்துப்போவார். அதனால் அன்றைக்கே அவர் செத்த மாதிரிதான். அவர் கோப்பையைக் கவிழ்த்துவிடுவார்கள். யாரும் அவரோடு பேசமாட்டார்கள், அவர் பேசினாலும் காதில் விழாது. வருஷத்தைத் தாண்டி வந்தவர்கள் என் காலத்தில் இரண்டே பேர். அந்த இரண்டு பேரோடும் ஊர் மறுபடி பேசவேயில்லை.

போன வருஷம் சிலேட்டில் இருந்த பெயர் கெட்டூரா எண்டகாட்.

எண்டகாட் எங்கள் குடும்பப் பெயர். ஆனால் கெட்டூரா யாரென்று ஊருக்குத் தெரியவில்லை. மூன்றாம் நாள் அம்மா கோயிலில் மண்டியிட்டு அழுதாள். அது என் தங்கை நெட்டிக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயராம். வைத்த பாதிரியார் செத்துப்போனார், அப்பாவும் செத்துப்போனார், அந்தப் பெயரைச் சொல்லி ஒருநாளும் கூப்பிட்டதில்லையாம், அக்காவான எனக்கே தெரியாதாம். ஊர் நடுங்கிப்போனது. யாருக்கும் தெரியாத பெயர் குளத்துக்குத் தெரிந்திருக்கிறதே!

நெட்டிக்கு அப்போது பத்தொன்பது வயது. வயிற்றில் மூன்று மாதம். ஆள் யாரென்று அவள் சொல்லவில்லை.

நான் நகரத்தில் மண்ணைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். “அக்கா, கோழிகளோட மட்டும்தான் பேசிக்கிட்டிருக்கேன். அங்க வரட்டா?” என்று எழுதியிருந்தாள். களப்பணி முடியட்டும், அப்புறம் வா என்று பதில் போட்டேன். செப்டம்பரில், அடுப்பெரிக்கக் கரிமண் வெட்டப் போனவர்கள் அவளைக் குளத்தில் பார்த்தார்கள்.

“ஏம் புள்ள,” என்றார் பக்கத்துப் பண்ணை ஜேபஸ் மாமா, வாயில் ஆட்டுக்கறியோடு. “உங்க வம்சத்துலயே மொத பட்டம் நீ வாங்கினதுதான். அதைக் கயித்துல கட்டிக் குளத்துல விட்டுப் பாரு, ஆழம் தெரியும்.”

எல்லோரும் சிரித்தார்கள். கோயில் மணிக்கயிறுகளை எல்லாம் ஒன்றோடொன்று முடிந்து இறக்கியும் அடி தட்டாத குளம் அது.

“போன வாரம் இறங்கினேன் மாமா. எனக்கு இடுப்பளவு.”

சிரிப்பு நின்றது.

“நடுவுல நின்னும் பாத்தேன். அங்கயும் இடுப்பளவுதான். அதுல சாகணும்னா குப்புறப் படுத்துக்கிட்டு எந்திரிக்காம இருக்கணும். என் தங்கச்சி இருந்திருக்கா.”

“போதும்டி,” என்றாள் அம்மா. “அவ பேரு ஒருத்தருக்கும் தெரியாது. குளம் சொல்லிச்சு. இதுக்கு மேல என்ன?”

“ஒருத்தருக்கும் தெரியாது. உனக்குத் தெரியும்.”

கரண்டியைச் சட்டியில் போட்டுவிட்டு நிமிர்ந்தாள். பயப்படுவாள் என்று நினைத்தேன். பயப்படவில்லை.

“ஆமா, நான்தான் கேட்டேன். பெத்தவ காதுலதான் விழுந்துச்சு. அதுக்கு நான் என்ன செய்ய?”

“அதானே!” என்றார் ஜேபஸ். “யாரு காதுல விழுந்தா என்ன? கேட்டது கேட்டதுதான்.” அவர் மனைவி வில்மட் அத்தை அம்மாவின் கையைப் பிடித்துத் தடவிக்கொடுத்தாள். பெற்ற மகளின் பெயரைக் கேட்க நேர்ந்தவள் என்று அம்மாவுக்கு இன்னும் ஒரு படி மரியாதைதான் கூடியது. இப்படித்தான் ஆகும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் திருநாளான இன்று விடிந்ததுமே கோயில் வரைக்கும் போய்வந்திருந்தேன்.

“சரி மாமா. இந்த வருஷப் பேரு என்ன? வர்ற வழியில பாத்திருப்பீங்களே.”

“அது இன்னும் கூத்து புள்ள! மெஹெட்டபெல் எண்டகாட்டாம். வாய்ல நுழையுதா பாரு. எண்டகாட்ல மிச்சம் இருக்கறது நீங்க ரெண்டு பேருதான். நீ டேமரிஸ், உங்கம்மா தேர்ஸா. அப்புறம் எவ அவ?”

அம்மா காலையிலிருந்து அடுப்பை விட்டு நகரவில்லை. சிலேட்டைப் பார்க்கவில்லை. மெல்ல உட்கார்ந்தாள்.

“அம்மா பொறந்த ஊர்க் கோயில் பதிவேட்டுல இருக்கா மாமா,” என்றேன். “ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்தொன்பது, மார்ச். பள்ளிக்கூடத்துல கேலி பண்ணாங்கன்னு தேர்ஸான்னு மாத்திக்கிட்டா.”

“இவ எழுதினா!” அம்மா மேஜையை அறைந்தாள். “ஜேபஸு, இவதான் எழுதினா! கேளுங்க இவளை!”

“கேட்டவரைக் கேக்கக்கூடாதும்மா.”

வில்மட் அத்தை அம்மாவின் கையை விட்டாள். விட்ட கையைத் தன் இடுப்பில் கட்டியிருந்த துணியில் துடைத்துக்கொண்டாள். அம்மாவின் கோப்பையை எடுத்து, மிச்சத் தேநீரை அடுப்புச் சாம்பலில் ஊற்றி, மேஜை மேல் கவிழ்த்து வைத்தாள். நிதானமாகத்தான் செய்தாள். நெட்டியின் கோப்பையையும் அவள்தான் கவிழ்த்தாளாம்.

“வில்மட்டு, முப்பது வருஷமாப் பழகுறோம், உன் ரெண்டு பிள்ளைப்பேறுக்கும் நான்தானடி வந்தேன்!”

“உப்பு கொஞ்சம் தூக்கலா இல்ல?” என்றாள் வில்மட் தன் புருஷனிடம்.

“தூக்கல்தான்,” என்றார் ஜேபஸ்.

அம்மா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பிறகு கத்தினாள். “குளம் பேசலடா! அது ஒருநாளும் பேசல! நான்தான் எழுதினேன்! ஊரு ஏசறதுக்கு முன்னாடி அவ பயந்து அக்காகிட்ட ஓடிடட்டும்னு எழுதினேன்!”

உள்ளதைச் சொன்னாள். ஒருவரும் கேட்கவில்லை. ஒருவன் ரொட்டிக்குக் கை நீட்டினான், அம்மாவைச் சுற்றி, நாற்காலி காலியாக இருப்பதைப் போல.

நான் கோட்டை மாட்டிக்கொண்டேன். பையில் சிலேட்டில் எழுதிய சாக்குக்கட்டி தட்டுப்பட்டது. ஒரு ஈரத்துணி போதும், போகிற வழியில் துடைத்துவிடலாம். அம்மா வாசல்வரை ஓடிவந்து என் கையைப் பிடித்தாள்.

“பொய்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போடி. வர்றேன்னு சொன்னவளை நீதானே வேண்டாம்னே? என்னை மட்டும் ஏன்டி?”

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. ஆனால் செத்தவர்களோடு யாரும் பேசுவதில்லை. கையை உருவிக்கொண்டு கோயில் பாதையை விட்டு, பேருந்து நிற்கும் சாலைப் பக்கமாக இறங்கினேன்.