நான்காம் நாளின் சூரியன்

மாலதி டீச்சர் வெள்ளிக்கிழமை சொல்லும் உலகம் வேறு, ஞாயிற்றுக்கிழமை சொல்லும் உலகம் வேறு. மன்னார்குடிக்குத் தெற்கே ஒரு கிராமத்து நடுநிலைப் பள்ளியில் அவள் அறிவியல் ஆசிரியை. அங்கே பூமியின் வயது நானூற்றைம்பது கோடி ஆண்டுகளுக்கு மேல். அதே ஊர்த் தேவாலயத்தில் அவள் ஞாயிறு பள்ளி நடத்துகிறவள். அங்கே கடவுள் ஆறே நாளில் எல்லாவற்றையும் படைத்து முடித்துவிடுவார். அறிவியலையும் விசுவாசத்தையும் அவள் ஒருபோதும் பகையாக நினைத்ததில்லை. பிள்ளைகளிடம் மட்டும் அதைச் சொன்னதில்லை. “டீச்சர் விசுவாசத்தைக் கெடுக்கிறாங்க” என்று பெற்றோர் யாராவது கிளப்பிவிட்டால்? வம்பை விலைக்கு வாங்குவானேன் என்று, இரண்டு வகுப்புகளுக்கும் நடுவே சனிக்கிழமையை ஒரு சுவராக எழுப்பி வைத்திருந்தாள்.

சுவர் இடிந்ததும் ஒரு சனிக்கிழமையில்தான்.

மறுநாள் சிறுவர் ஞாயிறு, பிள்ளைகளுக்கான சிறப்பு ஆராதனை. படைப்பின் ஆறு நாட்களாக ஆறு பிள்ளைகள் நடிக்க வேண்டும். தேவாலயத்தில் நடந்த ஒத்திகையில் முதல் நாளின் வெளிச்சம் வெள்ளை உடையில் வந்தது. இரண்டாம் நாளின் வானமும் தண்ணீரும் ஒரு நீலப் புடவையில் அடங்கின. மூன்றாம் நாளின் நிலம் கையில் வாழைக்கன்றோடு நின்றது. நான்காம் நாள் வரவில்லை. சூரியனாக வேண்டிய பெர்சிஸ், ஏழாம் வகுப்புக்காரி, அட்டைக் கதிர்களை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள்.

“பவர் கட்டு மிஸ்!” என்றான் ராகுல். ஆறாம் நாளின் காளையாக அவன் தலையில் கொம்பு இருந்தது.

“நீ சும்மா இருடா, மாடு.” பெர்சிஸ் எழுந்தாள். “மிஸ், செடி மூணாம் நாளே வந்துடுச்சு, சூரியன் நாலாம் நாளு. வெயிலே இல்லாம ஒளிச்சேர்க்கை எப்படி நடக்கும்? நேத்துத்தானே டெஸ்ட் வச்சீங்க? நான் பத்துக்குப் பத்து.”

மாலதிக்குச் சட்டென்று ஒரு சாமர்த்தியம் தோன்றியது. “உங்க அப்பா சம்பாவுக்கு விதைநெல்லை ஊறவச்சு, சாக்குல கட்டி இருட்டுலதானே வைக்கிறாங்க? முளைக்கலையா?”

“ஆமால்ல!” என்றது நீலப் புடவை.

“முளைக்கும் மிஸ். ஆனா நாலு நாள் அப்படியே விட்டா அழுகிப் போயிடும். நாத்தங்காலுக்கு வந்து வெயில் பட்டாத்தான் பச்சையாகும். உங்களுக்குத் தெரியாதா? என்னை ஏமாத்தப் பாக்குறீங்க.” குரல் உடைந்தது. “வெள்ளிக்கிழமை மிஸ் நிஜமா, ஞாயித்துக்கிழமை மிஸ் நிஜமா? ஒண்ணுதான் நிஜம்னா எனக்கு வெள்ளிக்கிழமையே போதும். இனிமே நான் இங்க வரல.”

அது வாயாடித்தனம் அல்ல. பாடகர் குழுவில் எல்லாருக்கும் முன்னால் வந்து நிற்கிறவள் அவள். பிரியமான ஒன்றை நேர்மைக்காக விட்டுவிடத் துணிந்த பிள்ளையின் வேதனை அந்த முகத்தில் இருந்தது. மாலதி தலையைத் திருப்பினாள். மகளை அழைத்துப் போக வந்த இராஜாங்கம் வாசலில் நின்றுகொண்டிருந்தார். அவர் சபைக் கமிட்டியில் இருப்பவர். எந்தக் காதுக்கு அவள் இத்தனை நாள் பயந்தாளோ, அந்தக் காது.

“ரெண்டும் நான்தான், பெர்சிஸ்” என்றாள். “சாக்கைச் சொல்லி உன்னை ஏமாத்தப் பார்த்தது தப்பு. பூமிக்கு வயசு நானூத்தம்பது கோடிக்கு மேலதான். செடிக்கு ரொம்ப முன்னாடியே சூரியன் இருந்துச்சு. கோயிலுக்குள்ள நின்னும் அதையேதான் சொல்றேன். இந்த ஆறு நாள் அறிவியல் பாடம் இல்ல. கடவுளை நினைச்சுக் கட்டின பாட்டு.”

“பாட்டுன்னா சும்மாவா மிஸ்?”

மாலதி பீடத்துப் படிகளின் பக்கம் நகர்ந்தாள். “சும்மா இல்ல. ஆனா எப்படிச் சொல்றதுன்னு தெரியல. எல்லாரும் வந்து நில்லுங்க, முழுசா ஒரு தடவை பார்ப்போம்.”

பீடத்தின் மேல்படி குறுகலானது. மூன்று பேருக்குத்தான் இடம். வெளிச்சமும் வானமும் நிலமும் அதைப் பிடித்துக்கொண்டன. மற்ற மூவரும் முணுமுணுத்தபடி கீழ்ப்படியில் நின்றார்கள். வேண்டாவெறுப்பாக நின்ற பெர்சிஸ் பின்னால் திரும்பிப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் பார்த்தாள். மறுபடியும் பின்னால் பார்த்தாள்.

“மிஸ், வெளிச்சத்துக்கு நேரா சூரியன். வானத்துக்கும் தண்ணிக்கும் நேரா பறவையும் மீனும். நிலத்துக்கு நேரா மாடு.”

“மனுஷனும் நான்தான்” என்றான் ராகுல்.

“இது ஒண்ணு ரெண்டுன்னு எண்ணுற வரிசையே இல்ல, மிஸ்! மேல இருக்கிறதெல்லாம் இடம். கீழ இருக்கிறதெல்லாம் அங்க குடிவர்றவங்க. முதல்ல வயலைச் சேறடிச்சு வரப்பு வெட்டுறோம், அப்புறம்தானே நாத்து நடுறோம்? அந்த மாதிரி!”

வேதாகமத்தில் எத்தனையோ முறை வாசித்தும் மாலதியின் கண்ணில் படாத கட்டமைப்பு அது. அவள் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள்.

இராஜாங்கம் தொண்டையைச் செருமினார். “டீச்சர்.”

சிரிப்பு நின்றது.

“வயலுக்குப் பட்டா இருக்கு, மண் பரிசோதனை அட்டையும் இருக்கு. வயல் யாருதுன்னு அட்டையில தேடினா கிடைக்குமா? மண்ணுல என்ன சத்துன்னு பட்டாவுல இருக்குமா? அதுக்காக ஒண்ணைக் கிழிச்சா போடுறோம்?” அவர் மகளைப் பார்த்தார். “இந்தச் சந்தேகம் எனக்கும் இருந்துச்சு. கேக்கத்தான் தைரியம் இல்ல.”

பெர்சிஸ் மட்டும் இன்னும் கதிர்களை மாட்டவில்லை. “நாளைக்கும் சொல்வீங்களா மிஸ்? பெரியவங்க எல்லார் முன்னாலயும்?”

“சொல்றேன்.”

“அப்போ நானும் வர்றேன்.”

ஞாயிறன்று நாடகத்துக்கு முன்னால் மாலதி ஐந்தே வாக்கியங்கள் பேசினாள். குரல் நடுங்கவில்லை. மூன்றாம் வரிசையில் ஒருவர் கைகளை இறுகக் கட்டிக்கொண்டார். போதகர் தலையசைத்தார். பிள்ளைகள் இரண்டு வரிசையாக வந்தார்கள். சூரியன் தன் வசனத்தைக் கூரை அதிரச் சொன்னது.

ஆராதனை முடிந்ததும் கைகட்டியிருந்தவர் நேராக மாலதியிடம் வந்தார். அவர் சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

“டீச்சர், அப்போ அந்த டைனோசரு?”

“உட்காருங்க, சொல்றேன்” என்று வேப்பமரத்தடி பெஞ்சில் அவருக்கு இடம்விட்டு உட்கார்ந்தாள் மாலதி. அவளுக்கு வீட்டுக்குப் போகும் அவசரம் எதுவும் இல்லை.