ரஹீம் சொன்ன கட்-அவுட்

பகவதியப்பனின் சாம்பல் எந்த வண்டியில் கடலுக்குப் போகவேண்டும் என்பதில் அவர் மனைவி நாகம்மைக்குச் சந்தேகமே இல்லை. சந்தேகம் வண்டிக்குத்தான் இருந்தது.

அறுபத்திநாலாம் வருடத்து அம்பாசடர். ஓடும். ஆனால் ஓடும்போது பேட்டரிக்கு ஏறவேண்டிய கரண்ட் ஏறாது. மீட்டர் போர்டில் ஒரு சிவப்பு விளக்கு அணையாமல் முறைத்துக்கொண்டே இருக்கும். பேட்டரியில் இருக்கிறது தீர்ந்தால் வண்டி அங்கேயே நின்றுவிடும்.

ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பேசியபோது பகவதியப்பன் அவள் விரலைப் பிடித்துக்கொண்டு, “என்னய நம்ம வண்டியில கூட்டிட்டுப் போடீ” என்றார். நாளைக்கு என்றாள். வண்டி கிளம்பவில்லை. மறுநாள் அவர் உடலை ஆம்புலன்ஸ்தான் கொண்டுவந்தது. அதனால் பதினாறாம் நாள், பூதப்பாண்டியிலிருந்து கன்னியாகுமரிக்கு, அவர் தன் வண்டியில்தான் போவார். கலசம் அவள் மடியில் இருக்கும். வேறு எதுவும் அவள் கேட்கவில்லை.

மற்றதையெல்லாம் சுயம்புராஜ் கேட்டார். பகவதியப்பன் தலைவராக இருந்த தென்குமரிப் பழங்கார் பேரவையின் செயலாளர் அவர். தலைவர் இறந்த அன்று மத்தியானமே பொறுப்புத் தலைவராகி, அந்தத் துக்கத்தை ஏற்றுக்கொண்டவர். அவரிடம் பழைய கார் கிடையாது. பழைய கார்களைப் பற்றி உரையாற்றுவார். ஊர்வலம், சந்திப்புக்குச் சந்திப்பு மாலை, வண்டி மேலே தலைவரின் கட்-அவுட், அதைச் சுற்றி விளக்கு என்று ஏற்பாடுகள் அவருடையவை.

முந்தின நாள் அவர்தான் கோட்டாறு ஆட்டோ எலக்ட்ரீஷியன் ரஹீமுக்குப் போன் செய்தார். ரஹீம் தேங்காப்பட்டணத்தில் ஒரு கல்யாண வீட்டில், வாய் நிறைய பிரியாணியோடு இருந்தார்.

“சார்ஜ் ஏறல்லியா? டைனமோ நான் போன மாசம் பாத்ததுதான், அதுக்கு ஒண்ணும் வராது. கட்-அவுட்டாக்கும் கேடு. அந்தச் சவத்தக் கழத்திப் போட்டுட்டு நல்லதா ஒண்ணு மாத்தும். நான் காலம்பற வாறேன்.”

இந்தப் பக்கத்தில் மக்கர் செய்கிற எந்தச் சாமானும் சவம்தான். ஆனால் துக்க வீட்டு முற்றத்தில் நின்று கேட்ட சுயம்புராஜுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கட்-அவுட் என்ற சொல்லுக்கு அவர் வாழ்க்கையில் ஒரே பொருள்தான். அண்ணாந்து பார்த்தார். வண்டி மேலே நின்ற மூன்றடித் தலைவர் அவருக்கே கொஞ்சம் மட்டமாகத்தான் தெரிந்தார். ரஹீம் சொன்னதில் நியாயம் இருந்தது.

சாயங்காலத்துக்குள் நல்லதாக ஒன்று வந்தது. எட்டடி. பேரவை அவருக்குக் கொடுத்த பட்டம், ‘மக்கள் ஒளி’ என்று தலைக்கு மேலே எல்.இ.டி. எழுத்து. இருபுறமும் குழாய் மைக். ஊர் பார்க்கட்டும் என்று விளக்கை வண்டி பேட்டரியிலேயே ராத்திரி முழுக்க எரியவிட்டார்கள்.

காலையில் ரஹீம் வந்து வண்டியின் முன்னால் நின்றார். மேலே பார்த்தார்.

“இது என்னவே?”

“நீரு சொன்ன கட்-அவுட்டு. மாத்தியாச்சு.”

ரஹீம் பானெட்டைத் திறந்து, உள்ளே சோப்புப் பெட்டி அளவுக்கு இருந்த ஒரு கறுப்பு டப்பாவைத் தட்டிக் காட்டினார். “இதாக்கும் ஓய் கட்-அவுட்டு. டைனமோ கரண்டு எடுத்தா பேட்டரியோட சேத்துவிடும். எடுக்கல்லன்னா பிரிச்சுவிடும். இதுக்குப் போட்டோ ஒண்ணும் வேண்டாம்.”

சுயம்புராஜ் சின்னதையும் பெரியதையும் மாறி மாறிப் பார்த்தார். “ரெண்டுக்கும் ஒரே பேரு வச்சவனச் சொல்லணும்” என்றார்.

பகவதியப்பனின் ஒரே மகள் நந்தனா மல்டிமீட்டரைப் பேட்டரியில் வைத்தாள். பதினொரு வோல்ட்டுக்குச் சற்று மேல். ஸ்டார்ட்டர் ஒருமுறை முனகிவிட்டு அடங்கியது. பேரவைப் பொறுப்பாளர்கள் வெள்ளைச் சட்டையோடு தள்ளினார்கள். அவர்கள் அனைவரும் ஒரே திசையில் இயங்கியது அதுதான் முதல் முறை. வண்டி உறுமியது. ரஹீம் மீட்டர் கம்பியை டைனமோ வயரில் வைத்தார், முள் குதித்தது. பேட்டரியில் வைத்தார், அசையவில்லை.

“பாத்தியா மக்களே” என்றார் நந்தனாவிடம். “அங்க இருக்கு, இங்க வரல்ல. நடுவுல கெடக்கது இந்தச் சவம்தான்.”

என்ஜினை நிறுத்தி, டப்பாவின் மூடியைக் கழற்றினார். உள்ளே ஒட்டிப் பிரியவேண்டிய இரண்டு முனைகளும் கருகிக் கிடந்தன.

“போன மாசம் இதத் தொறந்தே பாக்கலியா பாய்?” என்றாள் நந்தனா.

“டைனமோவப் பாத்தேன்லா” என்றவர், கருகிய முனைகளை எமரித் தாளால் பளபளக்கத் தேய்த்து மூடியைப் போட்டார்.

மறுபடி தள்ளினார்கள். நந்தனா ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க முள் பதிமூன்றரைக்கு ஏறியது. சிவப்பு விளக்கு அணைந்தது.

கலசத்தோடு வாசலில் நின்ற நாகம்மை, “ஏறுதா மக்களே?” என்றாள்.

“ஏறுதும்மா.”

அந்தச் சந்தோஷத்தில் சுயம்புராஜ் சுவிட்சைப் போட்டார். எழுத்து மின்னியது. மைக், “மக்கள் ஒளி, பழங்கார்களின் பாதுகாவலர்” என்று தொடங்கி, பாதுகாவலரில் குரல் தடித்து, இழுத்து, விக்கியது. முள் பதினொன்றரைக்கு விழுந்தது. சிவப்பு விளக்கு வந்துவிட்டது.

“டைனமோவுக்கு இவ்வளவுதான் மூச்சு” என்றார் ரஹீம். “ஒண்ணு வண்டி போவும். இல்லன்னா பட்டம் போவும்.”

“மைக்க மட்டும் வச்சுக்கிடலாமே?”

“முடியாது.”

“எழுத்துல பாதி? மக்கள வேணும்னா எடுத்திருவோம். ஒளி இருக்கட்டும்.”

“ஒளிதாம்வே கரண்டத் தின்னுது.”

சுயம்புராஜ் நாகம்மையிடம் திரும்பினார். “மைனி, நீங்களே சொல்லுங்கோ. அண்ணாச்சி இருந்தா இத எடுக்கச் சம்மதிப்பாரா? நம்ம வேன்ல எல்லாம் வச்சுக் கட்டி, கலசத்தையும் அதுல வச்சு...”

“அவரு சம்மதிக்க மாட்டாரு” என்றாள் நாகம்மை. “போர்டத்தான் வைக்கச் சொல்லுவாரு. பட்டம்னா அவருக்கு உசிரு. ஆனா தம்பி, ஆஸ்பத்திரியில எங்கிட்ட அவரு போர்டக் கேக்கல்ல. வண்டியத்தான் கேட்டாரு. எல்லாத்தையும் எறக்குங்கோ.”

இறக்கினார்கள். எட்டடித் தலைவர் வேலியில் சாய்ந்து நின்றார்.

நாகம்மை முன்சீட்டில் ஏறிக் கலசத்தை மடியில் வைத்துக்கொண்டாள். ரஹீம் ஜன்னலில் குனிந்தார். “நந்தனா, பேட்டரியில ஒண்ணும் இல்ல, டைனமோதான் துணை. மெதுவா போனா சார்ஜ் ஏறாது. என்ஜின அணைச்சா பின்ன கெளம்பாது. எங்கயும் நிறுத்தாத.”

“ஊர்வலம்?” என்றார் சுயம்புராஜ்.

“ஊர்வலத்துக்கு நேரமில்ல ஓய்” என்றார் ரஹீம். “ஓட்டம்தான்.”

இறச்சகுளத்தில் மாலையோடு ஒரு கூட்டம் ரோட்டோரம் நின்றது. நந்தனா வேகத்தைக் குறைத்தாள். சிவப்பு விளக்கு மெல்லக் கண் திறந்தது.

“நிறுத்தாண்டாம் மக்களே. போ” என்றாள் நாகம்மை.

மாலைகள் கையிலேயே நின்றன. பின்னால் வந்த வேனுக்குள்ளிருந்து சுயம்புராஜ் இறங்கி, வேறு வழியில்லாமல் அவற்றைப் பெற்றுக்கொண்டார். நாகர்கோவிலில் சிக்னலில் நின்றபோது நந்தனா கியரை எடுத்துவிட்டு என்ஜினைக் கத்தவிட்டாள். பக்கத்து ஸ்கூட்டர்க்காரன் திட்டினான். சுசீந்திரம் தாண்டியதும் ரோடு நீண்டு கிடந்தது. வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்தவர்கள் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்க்க ஒன்றுமில்லை, ஒரு பழைய கார், இரண்டு பெண்கள். நாகம்மை கலசத்தின் வாயில் கட்டிய துணியை அவ்வப்போது தொட்டுப் பார்த்தாள். பாதி வழியில், “வெயில் அடிக்கா?” என்று அதனிடம் மெதுவாகக் கேட்டாள். நந்தனா ரோட்டையே பார்த்து ஓட்டினாள்.

கடற்கரையில் வண்டியை ஓரம் கட்டியபோது மகளால் இறங்க முடியவில்லை. கால் ஆக்சிலேட்டரில் இருந்தது.

“அணைச்சிட்டு வரட்டாம்மா? திரும்ப வேற வண்டி பிடிக்கலாம்.”

“வேண்டாம். அவரு போற வரைக்கும் ஓடட்டும்.”

நாகம்மை தனியாகப் படித்துறையில் இறங்கினாள். புரோகிதர் அவள் பின்னால் ஆளைத் தேடினார். கலசத்தைத் தான் ஏந்துவதாக அவரிடம் சொல்லிவைத்திருந்த சுயம்புராஜ் அப்போது சுசீந்திரத்தில் மூன்றாவது தவணை மாலையை வாங்கிக்கொண்டிருந்தார்.

“யாரு கரைக்கது?”

“நான்தான்.”

தண்ணீர் இடுப்பைத் தொட்டபோது துணியை அவிழ்த்தாள். அலை வந்து சாம்பலை எடுத்தது. கொஞ்சம் அவள் சேலையிலேயே ஒட்டியது. மேலே என்ஜின் உறுமிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே அடுத்த அலையில் கலசத்தையும் விட்டாள். பிறகு நெடுநேரம் நின்றாள். ஒருமுறை நெஞ்சு குலுங்கியது. யாரும் பார்க்கவில்லை.

படியேறி வரும்போது சுயம்புராஜ் மூச்சிரைக்க எதிரே வந்தார். இரண்டு கையும் கொள்ளாமல் மாலைகள். அவற்றைப் போட ஓர் ஆளைத் தேடுவதுபோல் கடலைப் பார்த்தார்.

“மைனி, முடிஞ்சிட்டா?”

“போயிட்டாரு தம்பி” என்றாள் நாகம்மை. ஈரக் கையால் முகத்தைத் துடைத்தாள். “வண்டியிலதான் போனாரு.”