பணிமனைக் கதவு

பரிசோதகர் கன்ட்ரோலரைக் கையில் எடுத்ததுமே நான் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டேன்.

எங்கள் வீடியோ விளையாட்டு இரண்டு கம்பெனிகளின் கன்சோலிலும் ஓடும். ஆனால் தனியாக டவுன்லோட் செய்கிற 'பணிமனை' அத்தியாயத்தை மட்டும் ஒரு கம்பெனி தனக்கே தனக்கு என்று எழுதி வாங்கிவிட்டது. மற்ற கன்சோலில் அது தலைகாட்டினால் ஒப்பந்தம் போச்சு, எங்கள் எல்லோர் பிழைப்பும் போச்சு. அதைச் சரிபார்க்கத்தான் அந்தக் கம்பெனி இவரை அனுப்பியிருந்தது.

அத்தியாயத்தை உருவாக்கியவள் என் பக்கத்து நாற்காலிக்காரி. பெரிய கண்ணாடி போடுவதால் ஆந்தை என்போம். அன்று காலையில்தான் என்னிடம் வாயைத் திறந்தாள். மற்ற கன்சோலிலும் அதை ஒளித்து வைத்திருக்கிறாளாம், அவள் அப்பாவுக்காக. பஸ் மெக்கானிக்காக இருந்தவர். பக்கவாதத்தில் வலது கை விழுந்துவிட்டது. ஒற்றைக் கையால் ஆடும் அவருடைய கன்ட்ரோலர் அந்தக் கன்சோலில் மட்டும்தான் வேலை செய்யும். எந்த விளையாட்டிலும் மூடிய கதவைக் கண்டால் அதன் முன்னால் நின்று குதிப்பார். குதித்தால் திறக்குமாம்! ஒருநாளும் திறந்ததில்லை. இவள் திறக்கும்படி செய்துவிட்டாள்.

"அறிவிருக்காடி உனக்கு?" என்று கத்தினேன். கத்தி என்ன பயன்? அந்தக் கன்சோலின் சோதனைப் பதிப்பு ஏற்கெனவே பரிசோதகர் கைக்குப் போயிருந்தது.

பரிசோதகர் விளையாட்டுக்குள் தெருத்தெருவாக நடந்து பணிமனைக்கு வந்தார். கதவைத் தள்ளினார். அசையவில்லை. திரும்பினார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"அது சும்மா கதவுதான் சார், உள்ள ஒண்ணும் இல்ல," என்றாள் ஆந்தை. அவளைக் கொன்றிருப்பேன்.

"நான் கேக்கவே இல்லையேம்மா," என்றவர் மறுபடி கதவிடம் போனார். ஒவ்வொரு பட்டனாக அழுத்தினார். குதித்தார். இன்னொரு தடவை குதித்தார்.

கதவு திறந்தது. உள்ளே ஒரு பழைய பஸ். பக்கத்தில் காக்கிச் சட்டை மெக்கானிக் ஒருவர் இரண்டு கையாலும் டயரை உருட்டிக்கொண்டிருந்தார்.

"யாரு இது?"

"எங்கப்பா சார்," என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். எங்கள் கதை முடிந்தது என்றே நினைத்தேன்.

பரிசோதகர் எதையும் குறித்துக்கொள்ளாமல் கன்சோலை அணைத்தார். "நாளைக்குக் காலைல வேற பதிப்பு குடுங்க. அதுலயும் குதிச்சுப் பாப்பேன்," என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

அழிப்பதற்குள் ஆந்தையின் அப்பா அதை ஒரு தடவையாவது ஆடிவிட வேண்டும்; ஆனால் சோதனைக் கன்சோல் ஆபீஸைத் தாண்டக் கூடாது. அதனால் அவரையே கார் வைத்து அழைத்துவந்தேன். வரும்போது ஆந்தையைத் திட்டிக்கொண்டேதான் வந்தேன். கண் வேறு கலங்கித் தொலைத்தது.

அப்பா தன் கன்ட்ரோலரை மடியில் வைத்துக்கொண்டு கதவின் முன்னால் குதித்தார். திறந்தது.

"பாத்தியாம்மா? எத்தனை வருஷமா சொல்றேன்!" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். பிறகு அந்த மெக்கானிக்கின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நம்ம வீட்டுல இது எப்பம்மா வரும்?" என்று மகளிடம் கேட்டார்.

"உங்க மெஷின்ல வராதுப்பா. ராத்திரி அழிச்சிடுவேன். இப்ப ஆடினாத்தான்."

அவர் கன்ட்ரோலரை மடியில் இன்னும் இழுத்து வைத்துக்கொண்டார்.

"அப்ப என்னை அவசரப்படுத்தாத," என்றவர், பஸ்ஸின் பானெட்டைத் திறந்தார்.