கெங்கம்மா பேசிய பேரம்

கெங்கம்மாவை மாற்றுத்திறனாளி முகாமுக்கு அழைத்துப்போனது என் தப்பு என்று யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ள மாட்டேன். அங்கே அவளை வாய் திறக்க விட்டதுதான் தப்பு.

மந்தைவெளியில் நான் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆதார் திருத்தம் முதல் வாரிசுச் சான்று வரை தெருவுக்கே மனு எழுதித் தருவது நான்தான். என் கடைக்கு எதிரே மீன் விற்பவள் கெங்கம்மா. இரண்டு வயதில் போலியோ வந்து இரண்டு காலும் சூம்பிவிட்டன. தொடையில் கையை ஊன்றித்தான் நடப்பாள். காசிமேட்டு மீன் ஏலத்துக்கு அவளால் போக முடியாது. கொழுந்தன் டில்லிபாபு போய், நல்ல மீனைத் தனக்கு வைத்துக்கொண்டு, கண் வெளுத்ததை இவள் தலையில் கட்டுவான். மூன்று சக்கர ஸ்கூட்டர் கிடைத்தால் தானே போய்ப் பார்த்து எடுக்கலாம் என்று ஆறு மாதமாக என் உயிரை வாங்கினாள்.

ஸ்கூட்டருக்கு மனுப் போட மாற்றுத்திறனாளி அட்டை வேண்டும். அட்டைக்கு, குறைந்தது நாற்பது சதவீதம் பாதிப்பு என்று டாக்டர் எழுத வேண்டும். முப்பத்தொன்பது என்றால் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான்.

"நாப்பது தானே? வுடு தாரணி, நான் பேசிக்கிறேன்" என்றாள்.

பேசிக்கிறாளாம்! எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். வாங்க வந்தவர் விலையைக் கேட்டுவிட்டுச் சும்மா நின்றால் கெங்கம்மாவால் பொறுக்க முடியாது. எதிராளி வாய் திறப்பதற்குள் தானாகவே மூன்று தரம் இறங்கிவிடுவாள்.

முகாமில் இருந்த எலும்பு டாக்டர் பரத்வாஜ் மயிலாப்பூர்க்காரர். மீன் கடைப் பக்கம் தலைவைத்தும் படுக்காதவர். டேப்பை எடுத்துக் காலை அளந்தார், அழுத்தினார், மடக்கச் சொன்னார், குறித்துக்கொண்டார். பேச்சே இல்லை.

"எம்பது போடு சார்" என்று ஆரம்பித்தாள் கெங்கம்மா.

டாக்டர் நிமிரவில்லை.

"சரி, உனக்கும் வாணாம், எனக்கும் வாணாம். எழுவது."

டாக்டர் அடுத்த காலுக்குப் போனார்.

"அறுவது. மொத போணி சார், மனசு வெச்சு போடு."

அவள் இடுப்பைக் கிள்ளினேன். "யக்கா, கம்முனு இரு!"

"நீ சும்மா இரு, படிஞ்சிக்கினு வர்றாரு. அம்பது சார்!"

வாயைப் பொத்தினேன். என் விரலை விலக்கிவிட்டு அடித்தொண்டையில் கத்தினாள்: "முப்பத்தெட்டு! இதுக்குக் கீழ சத்தியமா கட்டாது!"

போச்சு. ஆறு மாத அலைச்சல், எத்தனை ஜெராக்ஸ், எத்தனை போட்டோ! அவளை அங்கேயே விட்டுவிட்டு ஓடிவிடலாமா என்று இருந்தது.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "யாரும்மா உங்ககிட்ட பேரம் பேசினா? நான் பாட்டுக்கு அளந்துண்டு இருக்கேன். நீங்க என்ன சொன்னாலும் அளவு வர்றதுதான் வரும்." தாளில் எழுதினார். "அறுபத்தஞ்சு."

நான் குதிக்காத குறை. "யக்கா, இன்னிக்கே மனுவைப் போட்டுடலாம்!"

அவள் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவ்ளோவா கீது?" என்றாள்.

"ஆமாம்மா. ஏன், நீங்கதானே எண்பது கேட்டேள்?"

"அது சும்மா சொன்னது சார். முப்பத்தெட்டுதான் நெசமா நெனச்சிக்கினு இருந்தேன்." விரல் விட்டுக் கணக்குப் போட்டாள். "அப்போ மிச்சம் முப்பத்தஞ்சுலதான் இத்தினி வருசம் கூடைய தூக்கிக்கினு இருந்தேனா? ரெண்டு பொண்ணுங்கள படிக்க வெச்சது அதுலதானா?"

இவள் வாயையா பொத்தினேன் என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

கெங்கம்மா தாளை வாங்கி மடித்து, ரவிக்கைக்குள் செருகினாள்.

"வா தாரணி. முப்பத்தஞ்சுக்கே மந்தைவெளி தாங்கல. வண்டியும் வந்துச்சுன்னா ஏலத்துல எவனாச்சும் என் பக்கத்துல நிப்பானா?"