வயலினுக்கு அடியில்

திரைப்படக் கல்லூரியில் என் வகுப்புத் தோழன் இயக்கிய குறும்படத்துக்கு ஒலிப்பதிவு நான்தான். அம்மாவை அடக்கம் செய்துவிட்டு மகன் வீடு திரும்பும் காட்சிக்காக, எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு அந்தக் காலி அறையின் அமைதியைப் பதிவு செய்திருந்தேன். திரைப்பட விழாவில் அந்தக் காட்சி வந்தபோது அமைதியைக் காணோம். ஒரு வயலின் ஓவென்று அழுதது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

படம் முடிந்ததும் அரங்க வாசலில் அவனை மறித்தேன். "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியாடா?"

"அங்க ஒண்ணுமே இல்லையே. காலியாத்தான் இருந்துச்சு."

"அந்தக் காலியத்தான்டா மூச்சை அடக்கிட்டு எடுத்தேன்! கூலிக்கு அழ ஆள் வச்ச மாதிரி வயலினைக் கொண்டுவந்து வச்சிருக்க!"

படம் பார்க்க வந்திருந்த அண்ணன் என் கையைப் பிடித்தான். "விடு. படிப்பு முடிஞ்சா நம்ம கடைக்குத்தானே வரப்போற? இதுக்குப் போய் ஏன் மல்லுக்கட்டுற?"

"வரமாட்டேன். சவுண்டுக்குத்தான் போறேன்."

சொன்ன பிறகுதான் எனக்கே அது தெரிந்தது. இயக்கமா, ஒளிப்பதிவா என்று இத்தனை நாள் குழம்பிக்கிடந்தவள், இவற்றில் எதற்காகவும் யார் சட்டையையும் பிடித்ததில்லை.

தோழன் இளித்தான். "அப்ப என் அடுத்த படத்துக்கும் நீதான்."

"உனக்குப் பண்ணமாட்டேன்," என்றேன்.