சுவரோரம் இருந்த கிளமெண்டுகள்

2008ஆம் ஆண்டு தவக்காலத்தில், விருத்தாசலம் ஜங்ஷனுக்குப் பின்புறம் இருந்த ரெஜினாவின் வீட்டில் ஏழு கிளமெண்டுகள் இருந்தார்கள். அவர்களில் ஒருவருக்குத்தான் சோறு ஆக்க வேண்டியிருந்தது. மற்ற ஆறு பேரும் லேசான நீல நிறத்தில், வாய் திறக்காமல், முன்னறைச் சுவரோரம் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். கல்யாணப் பத்திரிகை அடிக்க வருகிறவர்கள் பழகிப்போய், அந்தக் கால்களைத் தாண்டிக்கொண்டு கம்ப்யூட்டர் மேசைக்குப் போனார்கள்.

கம்ப்யூட்டர் ரெஜினாவின் புருஷன் கிளமெண்டுடையது. 2004இல் அதற்கு இன்டர்நெட் இழுத்ததிலிருந்து, தன் குற்றம் குறைகளைத் தானே சரிசெய்துகொள்ள அது அவ்வப்போது அப்டேட் வாங்கிக்கொண்டது. முதல் அப்டேட் முடிந்த காலையில் கிளமெண்ட் குடியை விட்டார். எப்படி விட்டீர்கள் என்று பங்குச் சாமியார் கேட்டதற்கு, எழுந்தேன், பல் விளக்கினேன், அவ்வளவுதான் என்றார். ஆனால் குடித்துக்கொண்டிருந்த கிளமெண்ட் எழவில்லை. நீலம் பாய்ந்து, விழுந்த இடத்திலேயே மிச்சமாக இருந்தார். அடுத்த அப்டேட்டில் பொய் சொல்வது போனது, அதற்கடுத்ததில் சீட்டாட்டம். போன வருஷம் வந்ததில், சும்மா சொல்லக் கூடாது, மனுஷன் தன் தட்டைத் தானே கழுவ ஆரம்பித்தார். ஒவ்வொரு தடவையும் பழையவர் ஒருவர் சுவரோரம் சேர்ந்தார்.

ரெஜினாவுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. அவள் செராமிக் பொம்மை யூனிட்டில் அச்சு எடுப்பவள். அங்கே புது அச்சு செய்தாலும் பழையதை உடனே உடைக்க மாட்டார்கள். புது அச்சில் வார்த்த முதல் பொம்மை சூளையில் வெந்து, விரிசல் இல்லாமல் வெளியே வரவேண்டும். அதுவரை பழையது மூலையில் கிடக்கும். அதே கணக்கில் இவர்களும் கிடக்கட்டும் என்று விட்டுவிட்டாள். தெரிந்த குடிகாரனை வைத்துச் சமாளித்துவிடலாம், புதுசு எந்த ரூபத்தில் கெட்டுப்போகுமோ யார் கண்டது.

இது அவள் ஊருக்குச் சொன்ன காரணம். வீட்டுக்குள் இன்னொன்று இருந்தது. கிளமெண்ட் குழம்பில் உப்பு குறைச்சல் என்று வாயைத் திறந்தால் போதும், ரெஜினா சுவரோரம் கையை நீட்டுவாள். "அங்க பாருங்க, உங்க லட்சணம் உக்காந்திருக்குது." கிளமெண்ட் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிடுவார். நாலு வருஷமாக எந்தச் சண்டையிலும் அவள் தோற்றதில்லை. அந்த ஜெயிப்பை விட யாருக்குத்தான் மனசு வரும்?

அந்தத் தவக்காலத்தில்தான் இடம் முடிந்தது. கம்ப்யூட்டர் ஒரு பத்திரிகையைக்கூட சேவ் பண்ண மறுத்து, டிஸ்க்கில் இடமில்லை என்று மூலையில் மஞ்சள் பலூன் காட்டியது. வீட்டிலும் பாய் விரிக்க இடமில்லை. திட்டக்குடியில் கட்டிக்கொடுத்த மகள் பிரின்சிக்கு அது தலைப்பிரசவ மாசம். அழைத்து வரப் போன ரெஜினா வெறுங்கையோடு திரும்பினாள்.

"எடம் இல்லன்னா வாசல்ல கூட படுத்துக்குவேம்மா," என்றாள் பிரின்சி. "ஆனா முதல்ல உக்காந்திருக்காரே, அந்த அப்பா இருக்கற வூட்டுக்கு என் புள்ளைய கொண்டாரமாட்டேன். அவரு என் சிலேட்ட சுவத்துல அடிச்சு ஒடைச்சது இன்னும் காதுல கேக்குது."

ரெஜினா பஸ்ஸில் வழியெல்லாம் அழுதாள். மகளைப் பயமுறுத்திய ஆளை, சண்டைக்கு உதவும் என்று தானே காவல் காத்து வைத்திருக்கிறோமே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது.

ஈஸ்டருக்கு முந்தின நாளான பெரிய சனிக்கிழமை மத்தியானம் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் கொளஞ்சிநாதன் வந்தார். மறைந்திருந்த ஃபோல்டர்களைத் திறந்து காட்டினார். பெயர்களெல்லாம் நீல எழுத்தில் இருந்தன.

"பழைய அப்டேட்டோட மிச்சம்க்கா இது. புதுசு ஒத்துக்கலன்னா பழசுக்குத் திரும்பறதுக்காக வச்சிருக்குது. எல்லாம் நல்லா ஓடுதுன்னா தூக்கிடலாம். தூக்கிட்டா அப்புறம் திரும்ப முடியாது, யோசிச்சுக்கங்க."

கிளமெண்ட் மவுசை விட்டு எழுந்தார். "நீயே சொல்லு ரெஜினா. என்னால என்னைய அழிக்க முடியாது."

ரெஜினா உட்கார்ந்தாள். போன கார்த்திகையில் சேத்தியாத்தோப்பில் கிளமெண்டின் அண்ணன் செத்தது நினைவுக்கு வந்தது. சொந்தபந்தம் மொத்தமும் வீட்டுக்குப் பின்னால் குடித்துக்கொண்டிருக்க, இவர் பிரேதத்தின் பக்கத்திலேயே இருந்து, வந்தவர்களுக்கு டீ ஊற்றிக் கொடுத்தார். ஒரு துளி தொடவில்லை. அதுதானே சூளை, நான் எதற்கு இன்னும் காத்திருக்கிறேன் என்று நினைத்தவள், நீலப் பெயர்களை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து அழித்தாள். குப்பைத்தொட்டியையும் காலி செய்யச் சொன்னார் கொளஞ்சிநாதன். செய்தாள்.

சுவரோரம் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு வெளியேறினார்கள். கடைசியாக எழுந்த முதல் கிளமெண்ட் தள்ளாடியபடி செருப்பைத் தேடினார். ரெஜினா எடுத்துக் காலடியில் வைத்தாள். நாலு வருஷம் பேசாதவர் அப்போது பேசினார். "போறேன் ரெஜினா."

யார் கிளம்பினாலும் போயிட்டு வரேன்னு சொல்லுங்க என்று அதட்டுகிறவள், அன்றைக்குத் திருத்தவில்லை. ஜங்ஷன் பக்கம் அவர் திரும்பும் வரை பார்த்துவிட்டு உள்ளே வந்தாள். முன்னறை நாலு பாய் அகலத்துக்குக் காலியாக இருந்தது.

ஈஸ்டர் முடிந்த வாரமே பிரின்சி வந்தாள். பெண் குழந்தை பிறந்தது. முதல் கிளமெண்ட் உட்கார்ந்திருந்த இடத்துக்கு மேலேதான் தூளி கட்டினார்கள். குழம்பில் உப்பு குறைந்தால் கிளமெண்ட் இப்போது சொன்னார், ரெஜினா போட்டாள்.

ஆடியில் ஒருநாள் கம்ப்யூட்டர் அப்டேட் வாங்கி முடித்த நேரம், பாயில் கிடந்த பேத்தி முதல்முறையாகக் குப்புற விழுந்தாள். பக்கத்திலேயே, குப்புற விழத் தெரியாத ஒரு குட்டி நீலக் குழந்தை மல்லாந்து கிடந்து காலை உதைத்தது.

கிளமெண்ட் மவுசில் கை வைத்தார். "இதையும் தூக்கிடவா?"

"கைய எடுங்க," என்றாள் ரெஜினா. "எடந்தான் இருக்குதே."

பெட்டியைத் திறந்து, இன்னொரு தூளிக்குப் பழைய சேலை தேடினாள்.