இருபது புள்ளி ஒன்பது

சனிக்கிழமை மதியம் என் வேலை உடுப்பைத் துவைக்க எடுத்த மனைவி டோரீன், பாக்கெட்டிலிருந்து ஒரு கறுப்பு ரப்பர் வளையத்தை உருவிக் காட்டினாள்.

“யாருக்குய்யா வளையல் வாங்கியிருக்க?”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீடுகளைச் சூடாக்க நான் மாட்டும் கேஸ் பாய்லர்களின் புகைக்குழாய், குழாய்க்குள் குழாய். உள்குழாயில் புகை வெளியேறும், அதைச் சுற்றியுள்ள இடைவெளியில் வெளிக்காற்று உள்ளே வரும். இணைப்பில் இந்த வளையம் இல்லையென்றால், பாய்லர் தான் விட்ட புகையையே திரும்ப இழுக்கும். எரிவது கெட்டு விஷவாயு உண்டாகும். அதற்கு வாசனையே கிடையாது.

அந்த வாரம் குழாயை அறுத்து நீட்டியது ஹேசல் வீட்டில் மட்டும்தான். எங்கள் ஊர் ஹாலிஃபாக்ஸின் தடித்த பழைய கல்சுவர்களுக்குப் பாய்லரோடு பெட்டியில் வரும் குழாய் எட்டாது. அந்த வீட்டில் ஆறு வாரக் குழந்தை இருக்கிறது. போன் அடித்தேன், எடுக்கவில்லை. வேனில் ஏறிய பிறகும் அடித்துக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு சிக்னலும் சிவப்பு விழுந்து என் உயிரை வாங்கியது.

கதவைத் திறந்தது ஹேசல்தான். பாதி உயிர் வந்தது.

“என்ன க்ளைவ், ஸ்பேனரை மறந்துட்டுப் போயிட்டியா? மெதுவாப் பேசு, இப்பத்தான் தூங்க வெச்சேன். போனைக்கூட அணைச்சு வெச்சிருக்கேன்.”

“சும்மா ஒரு தடவை பார்த்துட்டுப் போயிடறேன்.”

பாய்லரை ஓடவிட்டு, காற்று வரும் பாதையில் உள்ள சிறு துளையில் காற்றை அளக்கும் கருவியின் குழலைச் செருகினேன். சுத்தமான வெளிக்காற்று என்றால் ஆக்சிஜன் இருபது புள்ளி ஒன்பது சதவீதம் காட்டும். பத்தொன்பது காட்டியது. பிறகு பதினெட்டு. சட்டென்று கேஸை மூடினேன்.

“பழுதா? நல்லவேளை நீ வந்த. லீவு நாள்ல யாரு இப்படி வருவா? தெருவுக்கே உன்னைப் பத்திச் சொல்றேன், இரு.”

பாய்லர் செய்த கம்பெனிக்காரன் தப்பு என்று சொல்லிவிட்டால் முடிந்தது. நாக்கு நுனிவரை வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் வெட்கமாகப் போய்விட்டது. வளையத்தை நீட்டினேன்.

“இது உள்ள இருக்கணும். நான்தான் மாட்டாம விட்டுட்டேன்.”

அவள் உள்ளே போய், பாய்லரை மாட்டிய அன்று நான் கையெழுத்திட்டுத் தந்த தாளை எடுத்து வந்தாள். இருபது புள்ளி ஒன்பது என்று என் கையெழுத்திலேயே இருந்தது.

“இது அளந்து எழுதினதா?”

“இல்ல. எப்பவும் வர்ற எண்ணுதானேன்னு எழுதிட்டேன்.”

“இங்கதான் கதகதப்பா இருக்குன்னு இந்தச் சுவரோரமா அவனைப் படுக்க வெச்சிருக்கேன். நீ எழுதினதை நம்பித்தான்.”

என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. வளையத்தை மாட்டி, பாய்லரைப் பற்றவைத்து, மறுபடி அளந்தேன். இருபது புள்ளி ஒன்பது. தாளுக்குக் கை நீட்டினேன். அவள் தரவில்லை. என் சட்டையிலிருந்து பேனாவை உருவிக்கொண்டு, குனிந்து கருவியைத் தானே பார்த்தாள்.

“இன்னொரு தடவை அளந்து காட்டு,” என்றாள்.

அளந்தேன். இன்னொரு தடவையும் கேட்டாள். அளந்தேன். அதன் பிறகுதான் நான் எழுதியதை அடித்துவிட்டு, அதே எண்ணை அவள் கையால் எழுதினாள்.